சுமக்கும் குதிரைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

நம் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வரும் பருவத்தில் சென்னையில் குதிரைக் கரு மாற்று முகாம், அதாவது ஒரு குதிரையின் கருவை எடுத்து இன்னொரு குதிரையின் வயிற்றில் வைக்கும் முகாம், நடத்துவது என்று நீங்கள் எடுத்த முடிவும், அதை விளக்கும் சுற்றறிக்கையும் என் கைக்கு வந்தன. கருவைத் தரும் டோனர் குதிரைகளின் வம்சம், அவை வாங்கிய பரிசுகள், விந்து எங்கிருந்து வரும், கருவை எடுக்க எந்தக் குழு வரும், பிறக்கும் குட்டி யாருக்குச் சொந்தம், விற்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என எல்லாமே அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தக் கருவைப் பதினொரு மாதம் வயிற்றில் சுமந்து, பெற்று, அதன்பின் மாதக்கணக்கில் பால் கொடுக்கப்போகும் குதிரையை, அதாவது ‘ரெசிபியன்ட்’டைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி. ‘ரெசிபியன்ட் குதிரைகள் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டு, குட்டி பால்குடி மறந்ததும் விற்கப்படும்.’

இந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. செயலாளருக்குத் தனியாக எழுதினேன், பதில் வரவில்லை. கூட்டத்தில் எழுந்து கேட்டேன். “ரெசிபியன்ட்தானேம்மா, அதுக்குப் போய் இவ்வளவா” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தவர். நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சவாரிப் பள்ளியின் லாயத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு இரவெல்லாம் குதிரையோடு நிற்கிறவள். கரு மாற்றில் எல்லோரும் மறந்துபோகும் பகுதி அந்த இரவுகளில்தான் நடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கரு மாற்று முறைக்கு நான் எதிரி இல்லை. ஹிசாரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில், 2023 மே 19 அன்று, கரு மாற்று முறையில் ராஜஸ்தானின் மார்வாரி இனப் பெண் குட்டி ஒன்று பிறந்தது. எடை 23 கிலோ. ராஜ்-பிரதமா என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் லாயத்துப் பையன்கள் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். அந்த வேலைக்கான தேவை உண்மையானது. நாட்டில் 2012 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்திருந்தன. ஏழே ஆண்டில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. வயதாகிவிட்ட, இடுப்பெலும்பு முறிந்த, கருவைத் தாங்க முடியாத நல்ல குதிரையின் வம்சத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன்.

ஆனால் நம் சுற்றறிக்கையில் இருப்பது அந்தத் தேவை இல்லை. ஷோவில் ஜெயிக்கும் இரண்டு மார்வாரிக் குதிரைகள் இருக்கின்றன. இரண்டும் இளையவை, ஆரோக்கியமானவை. அவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குட்டிகளும் வரிசையாக வர வேண்டும் என்பதுதான் திட்டம். அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் குதிரை, உங்கள் பணம். ஆனால் அந்த ஆசைக்கு வயிற்றைக் கொடுக்கப்போகும் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது குதிரைகளும் இருக்கின்றனவே.

இது எப்படி நடக்கிறது என்பது சில உறுப்பினர்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று கூட்டத்தில் தெரிந்தது. அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். டோனர் குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்கிறார்கள். முட்டை வெளியேறிய ஆறாம் நாள் வாக்கில் கரு கருப்பைக்குள் இறங்கும். ஏழாவது அல்லது எட்டாவது நாள், வெதுவெதுப்பான திரவத்தை லிட்டர் கணக்கில் உள்ளே செலுத்திக் கருப்பையைக் கழுவி, வெளியே வருவதை வடிகட்டி, மைக்ராஸ்கோப்பில் தேடுகிறார்கள். கிடைப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உருண்டை. அதைக் குழாயில் ஏற்றி ரெசிபியன்டின் கருப்பைக்குள் விடுகிறார்கள். அறுவை சிகிச்சை இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீடியோவில் பார்த்தால் மிகச் சுலபமாகத் தெரியும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நடப்பதை வீடியோவில் காட்டுவதில்லை. ரெசிபியன்டின் முட்டை, டோனரின் முட்டை வெளியேறியதற்கு ஒரு நாள் முன்னிருந்து மூன்று நாள் பின்வரை உள்ள இடைவெளிக்குள் வெளியேறியிருக்க வேண்டும். அப்போதுதான் கருப்பை கருவை ஏற்கும் நிலையில் இருக்கும். இந்த நாட்களைப் பொருத்துவதற்காக ஒரு டோனருக்கு இரண்டு மூன்று ரெசிபியன்ட்களைத் தயார் செய்கிறார்கள். சினைப்பருவத்தை முன்கூட்டி வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் பல குதிரைகளுக்குச் சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும், வயிறு முறுக்கும், தரையைக் காலால் பிறாண்டும். பிறகு முட்டை வளர்ச்சியைப் பார்க்க, மலக்குடல் வழியாகத் திரும்பத் திரும்ப ஸ்கேன். இத்தனைக்குப் பிறகு ஒன்றுக்குத்தான் கரு போகும். மற்றவை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும், மறுபடி ஊசி. மாட்டுக்குப் போடுவதுபோல ஊசி போட்டு ஒரே தடவையில் பல முட்டைகளை வரவைப்பதும் குதிரையிடம் அவ்வளவாக நடப்பதில்லை. நல்ல மையங்களிலேயே இரண்டு தடவை கழுவினால் ஒரு தடவைதான் கரு கிடைக்கிறது. கிடைத்து உள்ளே விட்டாலும் எல்லாம் நிற்பதில்லை. நின்றதிலும் கொஞ்சம் முதல் இரண்டு மாதத்துக்குள் கலைகிறது. அதாவது, ‘நான்கு குட்டிகள்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குப் பின்னால் எத்தனை பெண் குதிரைகள் நிற்க வேண்டும் என்பதை சுற்றறிக்கை சொல்லவில்லை.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு திருப்போரூர்ப் பக்கம் ஒரு தனியார் பண்ணையில் இதே மாதிரி ஒரு முகாம் நடந்தது. வெளியூர்க் குழு வந்தது. கிண்டியில் ஓடி ஓய்வு பெற்ற ஒரு பெண் குதிரையை ரெசிபியன்டாக வாங்கினார்கள். பையன்கள் அவளைத் தங்கம் என்று கூப்பிட்டார்கள். உயரமானவள், சாந்தமானவள், யார் கை வைத்தாலும் அசையாமல் நிற்பாள். ரேஸ் குதிரைகள் இப்படித்தான், சின்ன வயதிலிருந்தே மனிதக் கைக்குப் பழகியவை. ரேஸ் உலகில் இயற்கையான இனச்சேர்க்கையில் பிறந்த குட்டியைத்தான் தரோபிரெட் (ரேஸ் குதிரை இனம்) என்று பதிவு செய்வார்கள். செயற்கைக் கருவூட்டலோ கரு மாற்றோ அங்கே கிடையாது. ஓட்டம் முடிந்த பெண் குதிரையின் சொந்த வம்சத்துக்கு மதிப்பில்லாமல் போனாலும், அவளுடைய பெரிய உடம்புக்கும் பொறுமைக்கும் இந்தச் சந்தையில் மதிப்பு உண்டு. 2024 செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்த பிறகு, இப்படி மலிவாகக் கைமாறும் குதிரைகள் கூடியிருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். உங்கள் பட்டியலும் அங்கிருந்துதான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

தங்கத்துக்குப் பதினான்காம் நாள் ஸ்கேனில் கரு தெரிந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து இதயத்துடிப்பும் தெரிந்தது. இரண்டு மாதம் ஆனதும் குழு காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது, ஒப்பந்தம் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் டாக்டர் வந்தால் பணம் யார் கொடுப்பது என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. வேலை செய்யாத குதிரைக்கு எதற்குக் கொள்ளு என்று அளவைக் குறைத்தார்கள். வயிற்றுக் குட்டி அதன் எடையில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதத்தில்தான் போடும். அந்த மூன்று மாதமும் அவள் புல்லும் தவிடும் தின்றுகொண்டு, மழைத்தண்ணீர் தேங்கிய லாயத்தில் நின்றாள். குளம்பு அழுகல் வந்தது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பு போட வேண்டிய டெட்டனஸ் ஊசியும் போடவில்லை. குதிரைக்குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய எதுவும் இருக்காது. முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் இருந்துதான் அத்தனையும் வர வேண்டும். அந்தச் சீம்பால் லட்ச ரூபாய் டோனரிடமிருந்து வராது, தவிடு தின்ற ரெசிபியன்டிடமிருந்துதான் வரும். குட்டிதான் முக்கியம் என்று நினைக்கிறவர்கள்கூட இதை யோசிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

மார்கழியில் ஒரு நடுராத்திரி, அந்தப் பண்ணையில் தனியாக இருந்த பையன் எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது குட்டி வெளியே வந்திருந்தது. குதிரை வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குட்டி எழுந்தது, குடித்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. மாட்டுக்கு அது ஒரு நாள் தங்கினாலும் சமாளிக்கலாம், குதிரைக்கு அது அவசர நிலை. பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். “குட்டி எப்படி இருக்கு?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, தாய்க்குத்தான் உடனே டாக்டர் வேண்டும் என்றேன். “காலையில பாக்கலாம்” என்று வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த டாக்டர்களை நானே எழுப்பினேன். கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் வேப்பேரியிலிருந்து அந்த இடம் 40 கிலோமீட்டருக்கு மேல். டாக்டர் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது.

மறுநாள் தங்கத்துக்குக் காய்ச்சல். அதற்கடுத்து முன்னங்கால் குளம்புகள் இரண்டும் கொதித்தன. கருப்பையில் தங்கிய விஷம் ரத்தத்தில் ஏறிக் குளம்பைத் தாக்கும் லாமினைடிஸ். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சதை வீங்கிப் பிரியும் நோய் அது, அந்த வலியில் குதிரை எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளி, முன்னங்காலை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலோடு நின்று அவள் பால் கொடுத்தாள். ஒரு பெரிய குதிரை தினமும் பத்து லிட்டருக்கு மேல் பால் சுரக்க வேண்டும், அதற்கு வழக்கமான தீனியைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டும். வேறொரு குதிரையின் குட்டி அது. அவளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. யாராவது குட்டியை நெருங்கினால் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடுவில் வந்து நிற்பாள்.

ஆறு மாதம் கழித்துக் குட்டி நல்ல விலைக்குப் போனது. அதன் காகிதத்தில் தந்தை பெயர் இருந்தது, டோனரின் பெயர் இருந்தது, தங்கத்தின் பெயர் எங்குமே இல்லை. அவளை ஒரு வியாபாரி வாங்கிப்போனதாகச் சொன்னார்கள். மெரினாவில் குதிரை ஓட்டும் தம்பிகளிடம் கேட்டேன். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனவர்களிடம் கேட்டேன். எங்கே போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செயற்குழுவில் உள்ள பெரியவர்கள், “அது எங்கோ ஒரு பண்ணையில் நடந்தது, நாங்கள் அப்படி இல்லை” என்று சொல்லலாம். அப்படி இல்லை என்பதைத்தான் எழுத்தில் கேட்கிறேன். ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கையிலும் குழுவின் பொறுப்பு 60-ஆம் நாளோடு முடிகிறது. மீதி ஒன்பது மாதம் யாருடையது?

இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, நீங்கள் கவனிக்காமல் விட்டவை.

குறைந்த விலை என்றால் பெரும்பாலும் சின்னக் குதிரை என்று அர்த்தம். கடற்கரையில் ஓடும் மட்டக்குதிரைகளையும் பார்க்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இங்கிலாந்தில் வால்டன், ஹாமண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1938-லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். மிகப் பெரிய ஷயர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் இரு வழியிலும் கலந்தபோது, ஷயர் தாய் பெற்ற குட்டி, ஷெட்லாண்ட் தாய் பெற்ற குட்டியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருந்தது. பின்னாளில் அதே நாட்டில் நியூமார்க்கெட்டில் ஆலன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, தரோபிரெட் கருவை மட்டக்குதிரையின் வயிற்றில் வைத்துப் பார்த்தது. குட்டிகள் எடை குறைந்து, நலிந்து பிறந்தன. கருவுக்கு எவ்வளவு பெரிய வம்சம் இருந்தாலும், கருப்பையில் இடம் இருக்கும் அளவுக்குத்தான் வளரும். சின்னக் குதிரைக்கு அது சுமை, குட்டிக்கு அது நஷ்டம். மலிவு என்று நினைப்பது இரண்டு பக்கமும் உதைக்கும்.

அடுத்தது, கரு நாற்பது நாளுக்கு மேல் நின்று பிறகு கலைந்தால் என்ன ஆகும் என்பது. 36-40 நாள் வாக்கில் கருப்பைச் சுவரில் சில கிண்ண வடிவத் திசுக்கள் உருவாகி ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். கரு போன பிறகும் அவை நான்கு மாதம் ஆகும்வரை சுரந்துகொண்டே இருக்கும், அதுவரை அந்தக் குதிரை சரியாகச் சினைப்பருவத்துக்கு வராது. அதாவது அந்தப் பருவத்துக்கு அவள் ‘பயனில்லை’. உங்கள் திட்டப்படி அவளை வைத்துத் தீனி போட யாருக்கும் கடமை இல்லை. கரு கலைந்த மறுவாரமே அவள் வியாபாரியின் வண்டியில் ஏறுவாள். இதைத் தடுக்க ஒரு சொல்லும் சுற்றறிக்கையில் இல்லை.

டோனர் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்ற வாக்குறுதியையும் கொஞ்சம் பாருங்கள். வெயிலில் தினமும் பயிற்சி செய்யும் பெண் குதிரைகளிடமிருந்து கிடைக்கும் கரு, பயிற்சி செய்யாதவற்றைவிடக் கிட்டத்தட்டப் பாதிதான் என்று அமெரிக்காவில் 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் பார்த்தது 30 டிகிரியைத் தாண்டிய புழுக்கம். நம் ஊர்ப் புழுக்கத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் ஷோ பயிற்சியும் கரு எடுப்பதும் ஒன்றாக நடக்கும் என்று நம்பினால், கரு கிடைக்காத ஒவ்வொரு சுற்றுக்கும் ரெசிபியன்ட்கள்தான் வீணாக ஊசி வாங்கப்போகின்றன.

ஸ்கேன் செய்வது யார் என்பதும் முக்கியம். மலக்குடல் கிழிந்தால் குதிரை பிழைப்பது கஷ்டம், அனுபவமுள்ள டாக்டர்கள்கூட அதற்குப் பயப்படுவார்கள். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். முன்பு நடந்த முகாமில், குதிரையை அசையாமல் நிறுத்தும் டிராவிஸ் கூண்டு இல்லாமல், தென்னை மரத்தில் கட்டி வைத்து, ஒரு ‘டெக்னீஷியன்’ கை விட்டுப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம், வெளிச்சந்தையிலிருந்து வரும் குதிரைகளை கிளாண்டர்ஸ், இ.ஐ.ஏ. ஆகிய தொற்றுநோய்களுக்கான பரிசோதனை முடியும்வரை தனியாக வைப்பது பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். முதலில் தொற்றுவது எங்கள் பையன்களுக்குத்தான்.

செலவு கூடும் என்பீர்கள். கூடும்தான். நான்கு கருவுக்குப் பணம் போதாது என்றால் இரண்டு போதும். இரண்டுக்கும் போதாது என்றால் உங்கள் இளம் குதிரைக்கு நேரடியாகக் கருவூட்டல் செய்து, ஒரு வருடம் ஷோவுக்கு விடுப்பு கொடுத்து, அவளையே பெறவிடுங்கள். எங்கள் லாயத்தில் குட்டி போட்டு, ஓய்வெடுத்து, மறுபடி ஓட வந்த குதிரைகள் இருக்கின்றன. ஒரே குதிரையின் குட்டிகளாக ஊர் முழுக்க நிரப்புவது இனத்துக்கும் நல்லதில்லை, அது வேறு கதை.

பொதுப் பணமும் இதில் வருகிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் குதிரை, கழுதை, ஒட்டக வளர்ப்பையும் சேர்த்து, 50 சதவீத மூலதன மானியம், 50 லட்ச ரூபாய் வரை என்று மத்திய அரசு அறிவித்தது. அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருக்கிறீர்கள். மக்கள் வரிப்பணத்தைக் கேட்கிறவர்கள், ‘குறைந்த விலைக்கு வாங்கி விற்கப்படும்’ என்ற வரியை அரசு அதிகாரியின் மேசையில் வைக்க முடியுமா?

என் கோரிக்கைகளை இங்கே எழுதுகிறேன். பேசி மாற்ற வேண்டியவை இருந்தால் பேசலாம். ஆனால் முதல் இரண்டில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரெசிபியன்டாக வரும் எந்தக் குதிரையும் பால்குடி மறந்ததும் விற்கப்படக் கூடாது. வாங்கும் அன்றே அவள் சங்கத்தின் பதிவேட்டில் பெயர், வயது, உயரம், படம், மைக்ரோசிப் எண்ணோடு ஏற வேண்டும். கரு நின்றாலும் கலைந்தாலும், அதன்பின் அவள் எங்கே இருப்பாள், யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். வேறு வீட்டுக்குக் கொடுத்தால் அந்த வீட்டைச் சங்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு குதிரைக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி, அதை வேறு எதற்கும் எடுக்க முடியாத கணக்கில் போட வேண்டும். தீனி, தடுப்பூசி, லாடம், பிரசவ இரவு மருத்துவர், பிரசவத்துக்குப் பிந்தைய சிகிச்சை எல்லாம் அதில் அடங்க வேண்டும். கரு வைத்த நாளிலிருந்து, குட்டி பிரிந்து ஒரு வருடம் ஆகும்வரை அந்தப் பணம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் 60-ஆம் நாளில் முடியும் எந்தக் குழுவோடும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவற்றோடு, டோனருக்கு இணையான உடல்வாகு உள்ள, ஏற்கெனவே ஆரோக்கியமான குதிரைகளை மட்டும் எடுங்கள். மட்டக்குதிரைகளும் வயது முதிர்ந்தவையும் வேண்டாம். தொடர்ந்து இரண்டு வருடம் ஒரே குதிரைக்குக் கரு வைக்காதீர்கள். ஊசியும் ஸ்கேனும் பதிவு பெற்ற மருத்துவர் கையால், டிராவிஸில் மட்டுமே நடக்க வேண்டும். புதிதாக வரும் குதிரைகள் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தனி லாயத்தில் இருக்க வேண்டும். பிரசவம் நெருங்கும் நாட்களில் இரவில் விழித்திருக்கும் பையன்களுக்குத் தனிக் கூலி கொடுங்கள். நடுராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும், பணம் கேட்டால் யார் பொறுப்பு என்று அவர்கள் கையில் எழுதிக் கொடுங்கள். பிறக்கும் குட்டியின் காகிதத்தில் சுமந்த குதிரையின் பெயரும் இருக்கட்டும். அதற்கு யாருக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

இதையெல்லாம் மேற்பார்வையிட, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலிருந்து குதிரை இனப்பெருக்கம் அறிந்த ஒரு மருத்துவரையும், மாநில விலங்குகள் நல வாரியத்திலிருந்து ஒருவரையும் குழுவில் சேர்க்கச் சொல்லி நீங்களே கடிதம் எழுதுங்கள். அவர்கள் கண் முன்னால் நடத்தத் தயங்கும் எதையும் நாம் செய்ய வேண்டாம்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்பதை அடுத்த பொதுக்குழுவுக்கு முன் எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பொதுக்குழுவில் இதை வாக்கெடுப்புக்கு விடுங்கள். அதுவரை ரெசிபியன்ட் என்று ஒரு குதிரையைக்கூட வாங்காதீர்கள், யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
லாயப் பொறுப்பாளர், சங்கத்தின் இணை உறுப்பினர்
கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னை